பெரும்பாக்கத்தில் பூத்திருக்கும் நீலப்பூ நெய்தலா?

வாசகர் கேள்வி, 2018 டிசம்பர் 8

சென்னை பெரும்பாக்கம் ஏரிக்கரையில் இன்று காலை நடந்துகொண்டிருந்தபோது படித்துறைக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஏழெட்டுப் பூக்களைப் பார்த்தேன். உடன் வந்த நண்பர் தாமரை என்றார். நான் நெய்தல் என்கிறேன். நெய்தல் திணைக்குப் பெயர் கொடுத்த பூ இதுதானே? படம் அனுப்பியிருக்கிறேன்.

2018 டிசம்பர் 9, காலை

தாமரை இல்லை. தாமரை இலை முழு வட்டம். அதில் பிளவு இருக்காது. காம்பு இலையின் நடுவில் வந்து சேரும், தண்ணீர் பட்டால் முத்தாக உருண்டு ஓடிவிடும். உங்கள் படத்தின் மூலையில் பாதி தெரியும் இலையில், விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கிறது. அது அல்லிக் குடும்பத்து இலை. மேலும் தாமரையில் நீலம் கிடையாது.

நெய்தலா என்று சொல்ல இந்தப் படம் போதாது. பூவை மட்டும் நெருங்கி எடுத்திருக்கிறீர்கள். எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? இலை விளிம்பு எப்படி இருந்தது? இலையைத் திருப்பிப் பார்த்தீர்களா?

2018 டிசம்பர் 9, இரவு

பதில் வந்துவிட்டது. காலை ஒன்பதரை மணி, பூ நன்றாக விரிந்திருந்தது. இலை விளிம்பு கொஞ்சம் நெளிந்திருந்தது. திருப்பிப் பார்க்கவில்லை, கைக்கு எட்டவில்லை.

ஒன்பதரை இரண்டுங்கெட்டான் நேரம். நம் ஏரிகளில் அல்லிக் குடும்பத்தில் பரவலாக இருப்பவை இரண்டு. ஒன்று ஆம்பல், நாம் அல்லி என்று சொல்வது. தாவரவியலில் நிம்பேயா பியூபசென்ஸ். இது அந்தி சாயும்போது விரிந்து, இரவெல்லாம் திறந்திருந்து, மறுநாள் வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். இன்னொன்று நிம்பேயா நௌச்சாலி. பழைய நூல்களில் நிம்பேயா ஸ்டெல்லேட்டா என்று இருக்கும். இது காலையில் விரிந்து பிற்பகலில் கூம்பும். ஒன்பதரை மணிக்குப் போனால் முதலாவது இன்னும் மூடியிருக்காது, இரண்டாவது அப்போதுதான் திறந்திருக்கும். இரண்டும் ஒரே குளத்தில் அடுத்தடுத்துச் சிரித்துக்கொண்டிருக்கும். பதினொன்றரைக்குப் போங்கள். அப்போதும் விரிந்திருப்பது பகல் பூ.

உங்களுடையது நீலம். ஆம்பல் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும், நீலமாக இருக்காது. ஆகவே நௌச்சாலி, நம் நெய்தல்தான் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அடுத்த முறை இலையைத் திருப்புங்கள். ஆம்பல் இலையின் அடிப்புறம் மயிர் அடர்ந்து விரலுக்குச் சொரசொரக்கும், நரம்புகள் புடைத்துத் தெரியும், விளிம்பு கூரான பற்களோடு ரம்பம் போல் இருக்கும். நெய்தல் இலை இரு பக்கமும் வழவழப்பு. அடியில் பெரும்பாலும் கருஞ்சிவப்பு ஓடியிருக்கும்.

ஏரிக்குள் இறங்க வேண்டாம். பெரும்பாக்கத்துச் சேறு முழங்காலுக்கு மேல் வாங்கும். நான் பிடி வளைந்த பழைய குடை ஒன்றைக் கையோடு கொண்டுபோவேன். கரையோரத்து இலையை அதனால் இழுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடலாம். பூவைப் பறிக்கத் தேவையே இல்லை.

2018 டிசம்பர் 12

இன்னொரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார். நெய்தல் என்பது அல்லிக் குடும்பமே இல்லையாம். வயல் வரப்பில் நீலமாகப் பூக்கும் கருங்குவளைதான் நெய்தல், நான் தவறாகச் சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அவர் சொல்லும் செடி மோனோகோரியா வஜைனாலிஸ். நெல் வயலிலும் ஏரி விளிம்புச் சேற்றிலும் வேரூன்றி நிற்கும். இலை மிதக்காது. காம்போடு நிமிர்ந்து, பளபளக்கும் இதய வடிவில் இருக்கும். காம்பின் பக்கவாட்டிலிருந்து கொத்தாகச் சின்ன நீலப் பூக்கள் வரும், பூவுக்கு ஆறு இதழ்கள். உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள். ஐந்து மஞ்சள், ஒன்று மட்டும் பெரியதாக நீலம். அந்த ஒற்றை நீலத்தைக் கண்டுவிட்டால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது. இதற்குக் கருங்குவளை என்ற பெயர் வழங்குவதும் உண்மை.

ஆனால் பழைய பாட்டுகளின் நெய்தல் இதுதான் என்று முடிவு கட்ட என்னால் முடியவில்லை. மூதுரையில், வற்றிய குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைக்கு எதிராக, குளத்தோடு கிடந்து உழலும் உறவுக்கு உவமையாகச் சொல்லப்படுபவை கொட்டி, ஆம்பல், நெய்தல் மூன்றும். கொட்டிக்குக் கிழங்கு உண்டு, ஆம்பலுக்குக் கிழங்கு உண்டு. தண்ணீர் போன பிறகும் மூன்றும் குளத்தோடு கிடக்க வேண்டுமானால், மூன்றாவதற்கும் சேற்றுக்குள் ஏதோ ஒன்று உயிரோடு தங்க வேண்டும். நீல அல்லிக்கு அப்படிக் கிழங்கு உண்டு. இது என் வாதம், முடிந்த முடிவு இல்லை. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் குவளையும் வருகிறது, நெய்தலும் தனியாக வருகிறது. அந்தப் புலவருக்கு அவை இரண்டும் வேறு வேறு என்பது மட்டும் உறுதி.

பெயர் ஊருக்கு ஊர் மாறும். செடி மாறாது. அதனால் குறிப்பேட்டில் முதலில் செடியின் அடையாளத்தை எழுதுங்கள், பெயரைப் பிறகு எழுதலாம்.

2018 டிசம்பர் 16

இன்று ஞாயிற்றுக்கிழமை, நானே போய்வந்தேன். மேடவாக்கத்திலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது. கரையை விட்டு நீர் நன்றாக உள்வாங்கியிருக்கிறது. இருந்தும் படித்துறைப் பக்கம் பூக்கள் இருந்தன. பதினோரு மணிக்கும் விரிந்திருந்தன. நல்ல ஊதா கலந்த நீலம்.

ஒரு பூ அன்றுதான் முதல்முறையாகத் திறந்திருந்தது. முதல் நாள் பூவின் நடுவில் ஒரு சிறு குழி இருக்கும், அதில் நீர் தேங்கி நிற்கும். மகரந்தத் தாள்கள் சுற்றிலும் விலகி நிற்கும். வேறொரு பூவிலிருந்து மகரந்தத்தோடு வரும் தேனீ அந்தக் குழிக்குள் சறுக்கினால் உடம்பில் ஒட்டியிருப்பது நீரில் கழுவப்பட்டுவிடும். சில சமயம் தேனீயே மூழ்கிவிடும். இரண்டாம் நாள் நீர் இருக்காது. தாள்கள் உள்நோக்கி வளைந்து குழியை மூடிக்கொள்ளும், இப்போது மகரந்தம் கொடுப்பது மட்டும்தான் வேலை. அதே பூ, முதல் நாள் பெண், மறுநாள் ஆண். கடைசியில் தண்டு தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ள, காய் நீருக்கடியில் முற்றுகிறது. விதை மேலே வந்து கொஞ்சம் மிதந்து, எங்கோ போய் அமிழ்கிறது.

மதுராந்தகத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். சின்ன வயதில் அல்லித்தண்டை இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு என்று ஒடித்து, தோல் அறாமல் உரித்துக்கொண்டே வந்தால் சங்கிலி மாதிரி ஒரு மாலை வரும். நுனியில் பூ பதக்கமாகத் தொங்கும். பள்ளிக்கூடம் போகும் வழியில் அதைப் போட்டுக்கொண்டு நடப்போம். பத்து மணிக்குள் பூ கூம்பிவிடும். ஏன் கூம்புகிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வகுப்புத் தொடங்குவதற்குள் பதக்கம் மொட்டாகிவிடும் என்பது மட்டும் எங்களுக்கெல்லாம் தெரியும். இன்று கையில் கடிகாரத்தோடு கரையில் நின்றபோது அந்தத் தண்டின் பச்சை வாடை நினைவுக்கு வந்தது.

2019 ஜனவரி 3

நிறத்தை நம்பாதீர்கள் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். நன்மங்கலத்துப் பக்கம் ஒரு குட்டையில் இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு வெள்ளைப் பூ முழுதாக விரிந்திருந்தது. வெள்ளை என்பதால் ஆம்பல் என்று எழுதிவிடத் தோன்றியது. குடையால் இழுத்து இலையைத் திருப்பினேன். வழவழப்பு. தாள்களின் நுனியைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் மகரந்தப் பைக்கு அப்பாலும் சிறு நாக்குப் போல் நீண்டிருந்தது. பகல் பூவுக்குத்தான் அந்த நீட்சி உண்டு, ஆம்பலுக்குக் கிடையாது. அதாவது அது நௌச்சாலியின் வெள்ளை வடிவம்.

வீட்டுக்கு வந்ததும் குறுந்தொகையின் 122ஆம் பாட்டை எடுத்துப் படித்தேன். கொக்கின் முதுகு போன்ற ஆம்பலும் கூம்பிவிட்டது, மாலை வந்துவிட்டது என்கிறாள் தலைவி. மாலையில் கூம்பும் ஆம்பல்! இரவில் விரிவதுதான் ஆம்பல் என்று பள்ளியிலிருந்து படித்துவந்தோம். ஓரம்போகியார் பார்த்தது பகலில் விரியும் வெள்ளைப் பூவாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய கண்ணை நான் நம்புகிறேன். ஆம்பல் என்ற சொல்லுக்குள் அன்றைக்கே இரண்டு செடிகள் இருந்திருக்கக்கூடும். டிசம்பர் 9 அன்று ‘ஆம்பல் என்றால் இரவுப் பூ’ என்று அடித்துச் சொன்னதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

2019 ஜனவரி 20

ஏரி முழுவதும் நெய்தல் பூத்துவிட்டது என்று ஒருவர் ஆனந்தமாகப் படம் அனுப்பியிருக்கிறார். மன்னிக்கவும், அது ஆகாயத்தாமரை. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. காம்பு பஞ்சு போல் ஊதியிருக்கிறது பாருங்கள், அந்தக் காற்றுப்பையால்தான் மிதக்கிறது. மேல் இதழில் மயில்தோகைக் கண் மாதிரி ஒரு மஞ்சள் பொட்டு. நெய்தலுக்கு இரண்டும் கிடையாது. ஒரு நீலப்பூ ஏரியையே மூடிக்கொண்டிருந்தால் மகிழ்ச்சியடையும் முன் அதன் காம்பைப் பாருங்கள்.

2019 ஜூன் 23

ஏரி இல்லை. எழுத மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.

நகரமே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிறது. எங்கள் தெருவில் லாரி வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பெரும்பாக்கத்தில் படித்துறைக்கு முன்னால் சேறு காய்ந்து, கை நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது. டிசம்பரில் குடையை நீட்டி இலையை இழுத்த இடத்தில் இன்று செருப்புக் காலோடு நின்றேன். பூ இருந்த அடையாளமே இல்லை. பள்ளிக்கரணைக் கழிவெளிப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சாலையோரக் குட்டையில் தாழைக்கோழி இரண்டு சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தன.

மாட்டுக்குப் புல் அறுக்க வரும் ஆயா ஒருவர் சிறு கடப்பாரையால் தோண்டிக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். “கொட்டிக்கிழங்கு கண்ணு, வேகவைத்தால் மாவாக இருக்கும்” என்றார். கொட்டியை நான் பூவாகத்தான் பார்த்திருக்கிறேன். நீளவாக்கில் மிதக்கும் இலைகள், நீருக்கு மேல் விரல் நீளத்துக்கு ஒற்றைக் கதிர். கிழங்கை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி இன்னொன்றைத் தோண்டிக் காட்டினார், கருத்து, கரடுமுரடாக. “இது அல்லி. செத்துப்போகவில்லை, தூங்குகிறது.” நகத்தால் கீறினார். உள்ளே வெளுத்து ஈரமாக இருந்தது. மறுபடியும் குழியில் வைத்து மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்.

நீலப்பூ விடும் அல்லிக்கு என்ன பெயர் ஆயா என்று கேட்டேன். “அதுவும் அல்லிதான், நெய்தல் என்று என் மாமியார் சொல்லுவார்” என்றார். டிசம்பர் 12 அன்று எழுதியதற்கு இதைவிட நல்ல சாட்சியை நான் எங்கே தேடுவேன்.

2019 டிசம்பர் 22

வந்துவிட்டன! படித்துறையருகே போன ஆண்டு ஏழெட்டுப் பூக்கள். இன்று எண்ணினேன், முப்பத்து நான்கு. ஏரி நிறைந்திருக்கிறது. இலைகளின் மேல் நீளவால் இலைக்கோழி நடந்து போகிறது. அத்தனை நீண்ட விரல்களோடு, ஒரு இலையிலிருந்து அடுத்த இலைக்கு. மூதுரை சொன்ன உறவை நேரில் பார்த்தேன். வற்றிய குளத்தோடு கிடந்து உழன்று, தண்ணீர் வந்ததும் எழுந்து வந்திருக்கிறது. முதலில் கேட்ட வாசகரே, உங்கள் பூ பிழைத்துவிட்டது.

2020 ஜனவரி 5

மேலே எழுதியதைத் திருத்துகிறேன். முழுதாகத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஏழெட்டு எப்படி ஓராண்டுக்குள், அதுவும் அப்படிப்பட்ட ஒரு கோடைக்குப் பின்னால், முப்பத்து நான்காகும் என்ற கேள்வி இரண்டு வாரமாக என்னை விடவில்லை. இன்று தொலைநோக்கியோடு போய் உட்கார்ந்தேன். பூவைப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் இலைகளை மட்டும் பார்த்தேன். பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு இலையின் நடுவில், காம்பு வந்து சேரும் இடத்தில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டிச் செடி. நான்கு சின்ன இலைகளும் வேரும் அதற்கு இருந்தன. அடுத்த இலையிலும் ஒன்று. அதற்கடுத்ததில் ஒரு சிறு மொட்டுகூட வந்திருந்தது.

நம் நெய்தல் இப்படிக் குட்டி போடாது. விதையாலும் கிழங்காலும்தான் பெருகும். இலையில் குட்டி விடும் குணம் மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்பேயா மைக்ராந்தாவுக்கு உண்டு. அதை வைத்து உருவாக்கிய தோட்டக் கலப்புகளுக்கும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையோர நாற்றங்கால்களில் தொட்டியோடு விற்கும் ஊதா அல்லிகளில் இந்தக் கலப்புகள் நிறைய. பெரும்பாக்கத்துப் படித்துறைப் பூ அதுதான். நெய்தல் இல்லை.

2018இல் நான் அவசரப்பட்டேன். நேரத்தைக் கேட்டேன், விளிம்பைக் கேட்டேன், அடிப்புறத்தைக் கேட்டேன். ஆனால் இந்தச் செடி எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்கவில்லை. நௌச்சாலிக்கும் இந்தக் கலப்புக்கும் நேரம் ஒன்று, இலை அடி வழவழப்பு ஒன்று, தாள் நுனியின் நாக்கும் ஒன்று. நான் சொன்ன அடையாளங்கள் ஆம்பலை விலக்க உதவும். தோட்டச் செடியை விலக்க உதவா. என் பேச்சைக் கேட்டு நெய்தல் என்று குறித்துக்கொண்டவர்கள் அனைவரும் அதை அடித்துவிடுங்கள். வறட்சியைத் தாண்டி வந்தது என்பதும் நம் மண்ணின் செடி என்பதற்குச் சான்று ஆகாது. கலப்புக்கும் கிழங்கு உண்டு.

ஆயா தோண்டிக் காட்டியது வேறு இடம், மதகுக்கு அந்தப் பக்கம். அடுத்த ஞாயிறு அங்கே போகிறேன்.

2020 ஜனவரி 8

எனக்குப் பதில் எழுதியவர் படித்துறைக்கு எதிரே குடியிருப்பவர். 2017இல் கரையைச் சுத்தம் செய்த குழுவில் அவரும் இருந்தாராம். குப்பை அள்ளிய பின், அழகுக்காக நான்கு தொட்டிச் செடிகளை ஏரியில் இறக்கியிருக்கிறார்கள். “நல்லது செய்யப் போய் குற்றவாளி ஆக்கிவிட்டீர்களே அம்மா” என்கிறார்.

ஐயா, நீங்கள் குற்றவாளி இல்லை. சாக்கடைக் கரையைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்தவர்கள் நீங்கள். அந்த வேலையை நான் செய்யவில்லை. ஆனால் இனி ஏரியில் எதையும் இறக்காதீர்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். உங்கள் நான்கு தொட்டி முப்பத்து நான்கு பூவானது. கரையோர ஆழமற்ற நீர்தான் நெய்தலுக்கும் கொட்டிக்கும் வேண்டியது, அந்த இடத்தை இது எடுத்துக்கொள்கிறது. இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமுறை இதையே நெய்தல் என்று பழகிவிடும். இலங்கையின் தேசிய மலர் நௌச்சாலிதான், அங்கே நீல மானெல் என்பார்கள். அங்கேயே பல காலம் ஊதா நிறக் கலப்பு ஒன்றைத் தேசிய மலர் என்று எண்ணிப் படமாகப் போட்டுவந்தார்கள். பிறகு தாவரவியலாளர்கள் எடுத்துச் சொல்லித் திருத்த வேண்டியிருந்தது. தேசிய மலருக்கே அந்த நிலை என்றால், பெரும்பாக்கத்து மூலையில் பூக்கும் பூவுக்கு யார் சாட்சி சொல்வார்கள்?

தொட்டியில் வையுங்கள், மாடியில் வையுங்கள். அழகான செடிதான்.

2020 ஜனவரி 12

மதகுக்கு அந்தப் பக்கம். காலை 10:50. மூன்று செடிகள். பூ சிறியது, என் உள்ளங்கைகூட நிறையாது. வெளிறிய நீலம், உள்ளே போகப்போக வெள்ளை. படித்துறைப் பூ தண்டை உயர்த்தி நிற்கிறது. இது நீரை ஒட்டியே கிடக்கிறது. குட்டி விட்ட இலை ஒன்றுகூட இல்லை. பழுத்த இலைகளை எல்லாம் பார்த்துவிட்டேன். இலை அடி கருஞ்சிவப்பு.

ஆயா சொன்ன நெய்தல் இதுதான்.

பக்கத்திலேயே வெள்ளையாகச் சின்னப் பூக்கள், இதழெல்லாம் பஞ்சு மயிர், நடுவில் மஞ்சள். இலை அல்லி இலையின் குட்டி வடிவம். இதையும் அல்லி என்று நினைத்துவிடுவார்கள். இது நிம்ஃபாய்ட்ஸ் என்ற பேரினம், குடும்பமே வேறு. பூ எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். இலைக்குச் சற்றுக் கீழே, இலைக்காம்பு போலத் தெரியும் அதே தண்டிலிருந்தே கொத்தாக வரும். அல்லிப் பூவுக்கோ அடியிலிருந்து தனித் தண்டு.

2021 பிப்ரவரி 14

ஊரடங்கால் ஏறக்குறைய ஓராண்டு ஏரிப் பக்கம் போகவில்லை. மதகுப் பக்கம் இப்போது ஐந்து செடிகள்.

ஒரு சிறு திருத்தம். நெய்தல் இலையின் விளிம்பு மழுமழுவென்று இருக்கும் என்று சிலரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். இளம் இலைக்கு அது சரி. முற்றிய இலையில் நெளிவு உண்டு, மொட்டையான பல்லும் உண்டு. இன்று ஒரே செடியில் இரண்டு வகை இலையையும் பார்த்தேன். ஆம்பலின் பல் கூரானது, விரலில் குத்துவதுபோல் இருக்கும். வேறுபாடு கூர்மையில் இருக்கிறது. பல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

2022 ஜூலை 31

உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்துவிட்டது. 1,247 ஹெக்டேர். கரிக்கிலியும் பிச்சாவரமும் அதே அறிவிப்பில். இரவு தூக்கம் வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. குப்பைமேட்டுக்கும் சாலைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் கழிவெளிக்கு உலகப் பட்டியலில் ஓர் இடம்.

பெரும்பாக்கத்து மதகு அந்த எல்லைக்குள் வருமா என்று கேட்கிறார்கள். வந்தாலும் வராவிட்டாலும் தண்ணீருக்கு எல்லை தெரியாது. மேலே இருக்கும் ஏரிகள் நிறைந்து வழிவதுதான் கழிவெளிக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. மேலே ஓர் ஏரியில் இறக்கும் தொட்டிச் செடி கீழே எங்கே போய் முளைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

2024 ஜனவரி 7

மிக்ஜாம் புயல் போய் ஒரு மாதம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. தரைத்தளத்துக்காரர்கள் எங்கள் வீட்டு மாடியில் மூன்று இரவுகள் தங்கினார்கள். பூவைப் பற்றி எழுதுவது சரியா என்று நீண்ட நேரம் யோசித்தேன். ஆனால் அந்தத் தண்ணீர் நிற்க இடமாக இருந்தவை இந்தக் கழிவெளியும் ஏரிகளும்தான். அந்த இடம் சுருங்கியதால்தான் நம் தெருவுக்கு வந்தது. ஒரு செடியின் பெயரைச் சரியாகச் சொல்வதும் அது வாழும் இடத்தைக் காப்பதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

படித்துறையருகே இப்போது கலப்பு அல்லிகூட இல்லை. வெள்ளம் அடித்துவந்த ஆகாயத்தாமரை கரையிலிருந்து கரை வரை மூடிக் கிடக்கிறது. மதகுப் பக்கம் போக வழியில்லை, சேறு.

2024 ஜனவரி 21

முதலில் கேள்வி கேட்ட வாசகர் ஐந்து ஆண்டு கழித்து எழுதியிருக்கிறார். இப்போது குடியிருப்பது தாம்பரம் பக்கம். செம்பாக்கம் ஏரியில் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறார். மொத்தம் பதினொரு படம். பூ ஒன்றில்தான் இருக்கிறது. மற்ற பத்தும் இலை: மேல்புறம், அடிப்புறம், விளிம்பு, காம்பு சேரும் இடம், பழுத்த இலை தனியாக மூன்று. ஒவ்வொன்றிலும் நேரம் குறித்திருக்கிறார்.

தம்பி, பகல் பூ என்பதில் சந்தேகமில்லை. குட்டி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் நான் இம்முறை அவசரப்பட மாட்டேன். இன்னும் ஒரு மாதம் பாருங்கள், இலைகள் முற்றட்டும். அருகில் யாராவது தொட்டிச் செடி இறக்கினார்களா என்று கரையில் இருப்பவர்களிடம் கேளுங்கள், குறிப்பாகப் புல் அறுக்க வருகிறவர்களிடம்.

2024 பிப்ரவரி 4

மதகுப் பக்கம், காலை 11:10. சேறு இறுகியிருக்கிறது, நடக்க முடிந்தது. ஆகாயத்தாமரை இந்த மூலைக்குள் இன்னும் வரவில்லை. நெய்தல் இரண்டு செடிகள், பூ நான்கு. அவற்றில் ஒன்று முதல் நாள் பூ, குழியில் நீர் நிற்கிறது. கொட்டி இருக்கிறது, கதிர் வெளிறிய ஊதா. ஆம்பல் கூம்பிவிட்டது. ஆயாவைப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாக வரவில்லை என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். வீடு எங்கே என்று விசாரித்து வைத்திருக்கிறேன்.